மூன்று வாரப் பந்தயத்தில் மூன்றாம் இடத்தை எப்படிக் கணிப்பது?

குழுவில் உள்ள அண்ணன்மார்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நாகர்கோவிலில் நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் முப்பந்தல் வரை சைக்கிள் மிதிக்கிறோம். பிரான்சில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் தெ பிரான்ஸ் தொடங்குமுன், மொத்த நேரத்தில் முதல் ஐந்து இடங்களைப் பிடிப்பவர்களை ஒரு நோட்டில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். முதல் இரண்டு பெயர்களில் எனக்குத் தயக்கமில்லை. 2020 முதல் 2025 வரை ஆறு முறையும் பொகாச்சர் அல்லது விங்கெகோர்தான் வென்றிருக்கிறார். அதற்குக் கீழேதான் திணறுகிறேன்.

ஒரு வாரப் பந்தயங்களின் முடிவை நம்பி எழுதினால், மூன்றாவது வாரம் என் பட்டியலைக் கலைத்துவிடுகிறது. 2020இல் 57 வினாடி முன்னிலையில் இருந்த ரோக்லிச், 20ஆம் நாள், ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேர ஓட்டத்தில் மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையை இழந்தார். டூருக்கு முன்பு இத்தாலியில் நடக்கும் மூன்று வாரப் பந்தயமான ஜீரோவிலும் (Giro) 2025இல் 20ஆம் நாள்தான். ஃபினெஸ்த்ரே மலையில் டெல் தோரோவும் கரபாசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, சைமன் யேட்ஸ் பறந்துவிட்டார்.

அணித்தலைவருக்கு முன்னால் போய்க் காற்றை மறைக்கும் துணை வீரர்களின் பலத்தை எப்படி எடைபோடுவது? ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திரும்பும்போது, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால்தான் என் தொடைகள் தாங்குகின்றன. செங்குத்தான மலையில் வேகம் குறைந்த பிறகும் அந்த மறைவு அவ்வளவு உதவுமா?

ஜீரோவை முழுமூச்சாக ஓட்டியவரைப் பட்டியலில் கீழே இறக்க வேண்டுமா? 2024இல் பொகாச்சர் இரண்டையும் வென்றார், ஆனால் அவரை அளவுகோலாக வைக்க மனம் ஒப்பவில்லை. நீங்கள் முதலில் எதைப் பார்க்கிறீர்கள் என்று விரிவாக எழுதுங்கள், நோட்டோடு காத்திருக்கிறேன்.