செக்ரோல் புத்தகங்கள் தைப்பிங் போகலாமா, ஊரிலேயே இருக்கலாமா?

பெரட்டுக்களம்:
மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம் வீடமைப்பாக மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இடிபட்டபோது ஆளாளுக்கு எடுத்து வைத்த சாமான்களை இப்போது கோயில் மண்டபத்துப் பின்னறையில் சேர்த்திருக்கிறோம். ரப்பர் பால் வாளி, அதைத் தோளில் சுமக்கும் காண்டா கம்பு, மரம் சீவும் உளி, நெற்றி விளக்கு, பழைய படங்கள், அப்புறம் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டிலிருந்து வந்த ஐந்து செக்ரோல் புத்தகங்கள், அதாவது தொழிலாளர் பெயர், வேலை நாள் கணக்கு எழுதிய பேரேடுகள். திருவிழாவுக்குள் திறந்துவிட வேண்டும் என்று நிர்வாகத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். செக்ரோலை லேமினேட் பண்ணப் போகிறார்களாம், காண்டா கம்புக்கு வார்னிஷாம், அறைக்கு ஏர்கோனாம்.

மூன்றும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். லேமினேட் பண்ணினால் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தாளில் ஏற்கெனவே இருக்கும் அமிலமும் உள்ளேயே தங்கித் தாளைத் தின்னும். காண்டா கம்பின் நடுப்பகுதியைத் தடவிப் பாருங்கள், தோள் பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. நாற்பது வருட உழைப்பு அந்த ஒரு சாண் மரத்தில் இருக்கிறது. அதன் மேல் வார்னிஷா?

என் யோசனை: செக்ரோல்களை மட்டும் தைப்பிங் பேராக் அருங்காட்சியகத்திடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ கேட்டுப் பார்த்து ஒப்படைத்துவிடலாம். மற்றவை இங்கேயே இருக்கட்டும்.

லயத்துப்பிள்ளை:
அண்ணா, லேமினேட் விஷயத்தில் நீங்கள் சொன்னால் சரி. ஆனால் தைப்பிங்குக்கு ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது புத்தகத்தில் என் பாட்டியின் பெயர் இருக்கிறது. போன மாதம் பாட்டியைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்து காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரி என்று கேட்டு, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். தைப்பிங்கில் இது நடக்குமா? பெரிய அருங்காட்சியகங்களில் பெரும்பாலான பொருள் கிடங்கில்தான் இருக்கும். நமக்கும் அதே கதிதான்.

பெரிய கட்டடத்தில் இருந்தால் பத்திரம் என்பதையும் நான் நம்பவில்லை. 1945ல் கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மேல் குண்டு விழுந்தது. 2018ல் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்து போனது.

இன்னொன்று. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் நம் ஆட்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள். அதற்காக 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் நம் ஊர்த் தொகுதிக்காரர். தோட்டத்தையே வாங்கிய ஜனத்தால் ஐந்து புத்தகத்தைக் காப்பாற்ற முடியாதா?

பெரட்டுக்களம்:
தம்பி, 1945ல் சிலாங்கூரில் மிஞ்சிய பொருள்கள் எங்கே போயின தெரியுமா? தைப்பிங்குக்குத்தான். 1883லிருந்து நிற்கிற இடம் அது.

பாட்டி கதை என்னை அசைத்துவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை நேற்று நான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்திருக்கிறது. யாரோ ஒட்டிய செலோடேப் பழுப்பாகிப் பசை எழுத்தின் மேல் இறங்கியிருக்கிறது. குண்டூசி துருப்பிடித்து ஏழெட்டுப் பக்கம் தாண்டிக் கறை. படக் கட்டைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்ட் உருகி மேலே இருந்த கல்யாணப் படத்தில் ஒட்டிக்கொண்டது, மணமகளின் முகத்தில் பாதி இல்லை. பால் மரத்தால் வாழ்ந்த நமக்கு ரப்பர் பழசானால் இளகும், பிறகு நொறுங்கும் என்று தெரியாதா? அதில் இருக்கும் கந்தகம் வெள்ளிச் சாமானையும் படத்தையும் கறுக்க வைக்கும்.

கணக்கு டீச்சர்:
இரண்டு பேரும் எங்கே வைப்பது என்றே பேசுகிறீர்கள். நம்மிடம் என்ன இருக்கிறது, யார் கொடுத்தது என்று ஒரு பட்டியல் உண்டா? வேறு ஓர் ஊரில் இதே மாதிரி ஓர் அறையில் நான் உதவிக்கு இருந்தேன். ஒரு பித்தளைச் செம்பு அன்பளிப்பா, இரவலா என்று எழுதி வைக்கவில்லை. கொடுத்தவர் இறந்த பிறகு இரண்டு மகன்களும் வந்து கேட்டார்கள். கடைசியில் செம்பும் போனது, அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தையும் போனது.

முதலில் ஒரு தடித்த பதிவேடு வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண்: வருடம், அன்று யார் கொடுத்த கட்டு, அதில் எத்தனையாவது. தாளில் என்றால் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால், பேனா கூடாது. துணி என்றால் பருத்தி நாடாவில் எழுதித் தைக்க வேண்டும். பக்கத்திலேயே கதையையும் எழுதுங்கள்: யார் பயன்படுத்தியது, எந்த டிவிஷன், எந்த வருடம். எண் இல்லாத உளி வெறும் இரும்பு. கொடுத்தவர்களுக்கு எழுபது எண்பது வயது ஆகிறது. அவர்கள் போய்விட்டால் யாரைக் கேட்பீர்கள்?

கிராணி மகன்:
புத்தகங்களைக் கொடுத்தது எங்கள் குடும்பம், அதனால் சொல்கிறேன். பாட்டி பெயர் இருப்பது போலவே, யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை, யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதும் அதில் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இன்னும் இதே ஊரில் இருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் கண்ணாடிப் பெட்டியில் திறந்து வைத்தால் யார் தலை குனிவது? அப்பா அந்தக் கணக்கை வெளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தைப்பிங்கோ இங்கேயோ எனக்குக் கவலையில்லை. குடும்பத்தார் வந்து கேட்டால் அவரவர் பக்கத்தைக் காட்டுங்கள், மற்றதை மூடி வையுங்கள்.

லயத்துப்பிள்ளை:
இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. மன்னியுங்கள்.

சரி, திருவிழாவில் செக்ரோல் வெளியே வராது. ஆனால் காண்டா கம்பும் வாளியும் பிள்ளைகள் கையில் போகத்தான் வேண்டும். கண்ணாடிக்குள் இருந்தால் பால் வாளியின் கனம் எப்படித் தெரியும்?

கணக்கு டீச்சர்:
வாளி பதினொன்று இருக்கிறது. யாருடையது என்று தெரியாத, அடி ஓட்டையான இரண்டைத் தூக்கிப் பார்க்க வையுங்கள், தண்ணீருக்குப் பதில் மணல் மூட்டை போட்டு. மற்ற ஒன்பதும் கை படாமல் இருக்கட்டும். இரண்டுக்கும் இடம் உண்டு.

பெரட்டுக்களம்:
வாளிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஏர்கோனுக்கு இல்லை. பகலில் போட்டு ராத்திரி அணைத்தால் ஈரப்பதம் ஏறி இறங்கித் தாளும் மரமும் விரிந்து சுருங்கும். நம் ஊர் ஈரத்துக்கு 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும். 24 மணி நேரமும் ஓட்டக் கோயிலில் பணம் கிடையாது. அதற்குப் பதில் கூரை ஒழுக்கை அடையுங்கள், சுவரை ஒட்டாமல் இரும்பு அலமாரி போடுங்கள், ஒரு மின்விசிறி ஓடட்டும். ஜன்னலுக்குத் தடித்த திரை. வெயில் பட்டு வெளுத்த மை திரும்ப வராது.

நாப்தலின் உருண்டையும் வேண்டாம். பூச்சி பிடித்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விடவேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

லயத்துப்பிள்ளை:
பாசாரில் மீன் கடை வைத்திருக்கும் மாமாவிடம் கேட்டுவிட்டேன், ஓர் உறைபெட்டியைக் காலி செய்து, கழுவித் தருகிறார். லேமினேட் மிஷினைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தைப்பிங் விஷயத்தில் நான் மாறவில்லை, அதைப் பொதுக்கூட்டத்தில் பேசுவோம். அதற்கு முன் கைப்பேசியில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைக்கிறேன், கிராணி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

டீச்சர், காண்டா கம்புக்கு எண் எங்கே போடுவது?

கணக்கு டீச்சர்:
கம்பில் எழுத வேண்டாம். பருத்தி நாடாவில் எழுதி வாளி மாட்டும் முனைப் பக்கம் கட்டுங்கள். தோள் பட்ட இடத்தைத் தொடாதீர்கள். சனிக்கிழமை எட்டு மணிக்குப் பதிவேட்டோடு வருகிறேன். பாட்டியையும் கூட்டி வாருங்கள், முதல் பக்கம் அவர் சொல்ல நான் எழுதுகிறேன்.