குடிநீர் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்காமலே ஒழுங்காக நடத்த முடியாதா?

மேட்டுத்தெரு:
எங்கள் ஊர் ஒரு நடுத்தர நகராட்சி. நான்கைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வசதியுள்ள வீடுகளெல்லாம் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுவதால் தெருக்கோடி வீடுகளுக்குக் காற்றுதான் வருகிறது. இப்போது மீட்டர் வைக்கப் போவதாகவும், பிறகு பராமரிப்பைத் தனியாரிடம் விடப் போவதாகவும் பேச்சு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் "தனியாரிடம் போனால்தான் உருப்படும்" என்கிறார்கள், மீதிப் பேர் "மீட்டர் என்றாலே கொள்ளை" என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அரசு நிறுவனமாகவே இருந்துகொண்டு, நஷ்டப்படாமல், எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கிற ஊர் எங்காவது உண்டா? அவர்கள் அப்படி என்னதான் செய்தார்கள்? பணக்கார நாட்டு உதாரணம் வேண்டாம், "அவன் ஊர் வேற" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

நதிக்கரை:
உண்டு. கம்போடியாவின் தலைநகர் புனோம் பென். 1993ல் அந்த ஊர் இருந்த நிலையைப் பார்த்தால் உங்கள் நகராட்சி சொர்க்கம். போரும் கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் கம்யூனிஸ்ட் அமைப்பின் ஆட்சியும் முடிந்து, குழாய்கள் துருப்பிடித்து, படித்த பொறியாளர்களில் பலர் உயிரோடு இல்லாத காலம். நகரத்தில் கால்வாசிப் பேருக்குக்கூடக் குழாய் இணைப்பு கிடையாது, இருந்தவர்களுக்கும் நாளுக்குப் பத்து மணி நேரம்தான், அதுவும் அழுத்தமே இல்லாமல். சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72% கணக்கில் வரவில்லை. ஒழுகியது பாதி, திருட்டு பாதி, அதில் ஊழியர்களே கள்ள இணைப்பு கொடுத்துக் காசு பார்த்ததும் உண்டு.

அந்த வருடம் எக் சோன் சான் என்ற மின்பொறியாளர் நகரக் குடிநீர் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அவர் முதலில் கை வைத்தது குழாயில் இல்லை, பேரேட்டில். ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி யாருக்கு இணைப்பு இருக்கிறது, யாருக்கு பில் போகிறது என்று கணக்கெடுத்தார்கள். இல்லாத வீட்டுக்கு பில் போய்க்கொண்டிருந்தது, பட்டியலிலேயே இல்லாதவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்! அப்புறம் எல்லா இணைப்புக்கும் மீட்டர். முக்கியமானது அடுத்த படி: பணம் கட்டாத பெரிய ஆட்களின் இணைப்பைத் துண்டித்தார்கள். ராணுவ ஜெனரல் ஒருவர் வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது எக் சோன் சான் தலையிலேயே துப்பாக்கியை வைத்தார்களாம். திரும்பிப் போய் ஆயுதக் காவலோடு வந்து இணைப்பை வெட்டினார். அரசு அலுவலகங்களும் பாக்கியைக் கட்டியாக வேண்டும் என்று மேலிடம் ஆதரவு கொடுத்தது. ஜெனரலே கட்டுகிறார் என்றால் பெட்டிக்கடைக்காரர் என்ன சாக்கு சொல்வார்?

உள்ளேயும் இதே கறார்தான். ஒரு ஆய்வாளரின் பகுதியில் கள்ள இணைப்பை இன்னொரு ஊழியர் கண்டுபிடித்தால், கண்டுபிடித்தவருக்கு வெகுமதி, அந்தப் பகுதிக்காரருக்குத் தண்டனை. கூடவே சம்பளத்தையும் ஏற்றினார்கள், அது இல்லாமல் இது நடக்காது. 1993ல் ஆயிரம் இணைப்புக்கு 22 ஊழியர்கள். 2006ல் 4 பேர். ஆளை வெட்டியதைவிட இணைப்புகள் பெருகியதுதான் இதற்குப் பெரிய காரணம், ஏறக்குறைய 27 ஆயிரத்தில் இருந்து 1 லட்சத்து 47 ஆயிரத்துக்குப் போனது. கணக்கில் வராத தண்ணீர் பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தது, வசூல் 48 சதவீதத்தில் இருந்து கிட்டத்தட்ட முழுதாக ஆனது, 24 மணி நேரமும் தண்ணீர். 2006ல் அவருக்கு மகசேசே விருது, 2010ல் நிறுவனத்துக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது. இத்தனையும் அரசு நிறுவனம்.

மேட்டுத்தெரு:
படிக்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வியே "அப்போ ஏழைகள்?" என்பதுதான். மீட்டர் வந்தால் குடிசைப் பகுதிக்காரர்கள் என்ன செய்வார்கள்?

நதிக்கரை:
அங்கே குழாய் இணைப்பு இல்லாத ஏழைகள் ஏற்கெனவே வண்டிக்காரரிடம் பல மடங்கு விலை கொடுத்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் லாரித் தண்ணீரும் கேனும் வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் இலவசமாக இருந்தால் குழாய் போடக் காசு இருக்காது, குழாய் போடாத இடம் எப்போதும் ஏழைகள் இருக்கிற இடமாகத்தான் இருக்கும். புனோம் பென்னில் 2001க்குப் பிறகு மாதம் முதல் ஏழாயிரம் லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 550 ரியல், அன்றைய மதிப்பில் அமெரிக்கக் காசு 14 போல. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். ஏழைக்குப் பெரிய தடை மாதக் கட்டணம் இல்லை, ஒரே தடவையில் கட்ட வேண்டிய இணைப்புக் கட்டணமும் டெபாசிட்டும்தான். அதில் வீட்டு நிலைமையைப் பார்த்து 30, 50, 70 சதவீதம், சிலருக்கு முழுசாகவே தள்ளுபடி கொடுத்தார்கள். கட்டணத்தை மூன்று கட்டமாக ஏற்றத் திட்டம் போட்டவர்கள், ஒழுக்கும் திருட்டும் குறைந்து வருமானம் செலவைத் தாண்டிவிட்டதால் மூன்றாவது ஏற்றத்தைக் கைவிட்டார்கள். கட்டணம் ஏற்ற வேண்டும் என்று ஒரு வாரியம் கேட்டால், நாம் முதலில் கேட்க வேண்டியது ஒழுக்கு எவ்வளவு என்று.

பழைய ஏ.இ.:
குடிநீர்த் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். நதிக்கரை சொன்னது எல்லாம் சரி, ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் விஷயத்தில் உங்கள் சங்கத்தில் அடிதடியே நடக்கும்.

விட்டுவிட்டுத் தண்ணீர் விடுகிற லைனில் மீட்டர் சரியாக ஓடாது. வால்வைத் திறந்ததும் முதலில் வருவது குழாயில் இருக்கிற காற்று, அது மீட்டரைச் சுற்றிவிடும். "காத்துக்கும் காசா" என்று ஜனங்கள் கேட்பது நியாயமான கேள்வி. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பக்கத்தில் சாக்கடை இருந்தால் விரிசல் வழியாக அதையும் இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு வருகிற வார்டுகளில் பாதி இந்தக் கதைதான். தினமும் நிரம்பி வற்றி நிரம்பி வற்றி, அந்த அடியில் ஜாயிண்டுகள் விடும். ஆகவே முறை வைத்து விடுவதால் தண்ணீர் மிச்சமாகிறது என்பது பெரும்பாலும் கற்பனை. வீட்டில் பிடித்து வைத்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தானே புதுத் தண்ணீர் பிடிக்கிறோம்? திறந்தே கிடக்கிற குழாய்கள் வேறு.

24 மணி நேரமும் அழுத்தம் இருந்தால்தான் ஒழுக்கைக் கண்டுபிடிக்கவே முடியும். ராத்திரி இரண்டிலிருந்து நாலு மணிக்குள் ஊர் தூங்கும்போது ஒரு பகுதிக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்ப்போம், யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ஓடுவதில் பெரும்பகுதி ஒழுக்குதான். ஆனால் ஊர் முழுவதும் ஒரே நாளில் செய்ய முடியாது, ஒரு மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற ஒரு வார்டை மட்டும் வால்வு போட்டுத் தனியாகப் பிரிக்க வேண்டும். தொட்டி வாயில் ஒரு பெரிய மீட்டர். வீட்டு இணைப்புகளை, அதாவது மெயின் லைனில் இணைப்பு எடுக்கிற ஃபெரூலில் இருந்து வீட்டு வாசல் வரை, முழுசாக மாற்ற வேண்டும், மெயின் லைனைவிட அங்கேதான் அதிகம் ஒழுகும். அப்புறம் 24 மணி நேரம் தண்ணீர். அதற்கும் அப்புறம்தான் மீட்டர் கணக்கில் பில். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தண்ணீர் தராமல் முதலில் மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் அதை யார்தான் விட்டுவைப்பார்கள்?

இந்தியாவில் இது ஆகாது என்பார்கள். ஒடிசாவின் பூரியில் 2021ல் குழாயில் அப்படியே பிடித்துக் குடிக்கிற மாதிரி 24 மணி நேரத் தண்ணீர் கொடுத்தார்கள். மாநில அரசின் நிறுவனம்தான் செய்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்து, பணம் வாங்கி, தண்ணீரையும் சோதித்துக் காட்டுகிறார்கள். ரீடிங் எடுக்க வருகிறவரே தெருவுக்குத் தெரிந்த பெண்ணாக இருந்தால் சண்டை பாதி குறையும் சார்.

சந்தேகப் பேர்வழி:
எல்லாரும் புனோம் பென்னைக் கொண்டாடுகிறீர்கள், சரி. ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் கொட்டிக் கொடுத்த பணத்தில் புதுக் குழாய் போட்டார்கள். ஊரைச் சுற்றி மீகாங், தோன்லே சாப் என்று ஆறுகள் ஓடுகின்றன. மேலே ஒரே பிரதமர் பல பத்தாண்டுகள். தேர்தலுக்குத் தேர்தல் கட்டணத் தள்ளுபடி அறிவிக்கிற கட்சிகள் அங்கே இல்லை. இதையெல்லாம் சொல்லாமல் ஒரு நல்ல அதிகாரி வந்தார், ஊர் திருந்தியது என்றால் அது சினிமாக் கதை. அந்த அதிகாரி போன பிறகு என்ன ஆச்சு?

நதிக்கரை:
ஆறு, வெளிநாட்டுப் பணம், அரசியல் மூன்றும் உண்மை. ஆனால் வெளிநாட்டுக் கடன் வாங்கிக் குழாய் போட்டு, பத்து வருடத்தில் மறுபடி அதே கடனுக்குப் போய் நிற்கிற ஊர்கள் எத்தனையோ. இங்கே வேறாக நடந்தது 1996 கடைசியில். அரசாணை போட்டு அந்தக் குடிநீர் அமைப்பைத் தனிக் கணக்கு வைத்துக்கொள்கிற நிறுவனமாக்கினார்கள். தண்ணீர்க் காசு தண்ணீருக்கே, நகராட்சியின் பொதுக் கஜானாவில் போய்க் கலக்காது. ஆளெடுப்பு, சம்பளம் எல்லாம் அவர்கள் முடிவு. நம் ஊரில் குடிநீர் வரியில் வந்த காசு எதற்குப் போகிறது என்று ஆணையருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

எக் சோன் சான் 2012ல் விலகி அமைச்சகத்துக்குப் போனார். அதே வருடம் கம்போடியப் பங்குச் சந்தையில் முதலில் பட்டியலான நிறுவனம் இதுதான், 15% பங்கை விற்றார்கள், பெரும்பங்கு அரசிடமே. கட்டுக்கோப்பு குலையவில்லை. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது: நகரம் புறநகருக்கு வீங்கிய வேகத்துக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் வரவில்லை, ஓரங்களில் அழுத்தம் குறைந்து ஜனங்கள் புலம்பினார்கள். கட்டணத்தைப் பல வருடம் தொடாமலே வைத்திருந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கென்னவோ புது ஆலைக்கான காசு சேராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று படுகிறது.

பூன்லே வாசி:
பணக்கார நாட்டு உதாரணம் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார், ஆனாலும் இந்தக் கடைசி வரிக்காக எழுதுகிறேன். சிங்கப்பூரிலும் 2000க்குப் பிறகு தண்ணீர் விலையைத் தொடவே இல்லை. 2017ல் திடீரென்று 30% ஏற்றம், இரண்டு தவணையாக. காப்பிக்கடையெல்லாம் அதே பேச்சு. ஆனால் விலையைக் குறைக்காமல், வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு யூ-சேவ் என்ற கட்டணக் கழிவை பில்லிலேயே தந்தார்கள். குழாய்த் தண்ணீரை எல்லாருக்கும் இலவசமாக்குவதைவிட அது நேர்மையான வழி என்பேன். பதினேழு வருடம் தூங்கிவிட்டு ஒரே அடியாக ஏற்றியதற்குப் பதிலாக வருடா வருடம் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம்.

இங்கே அரசின் தண்ணீர் நிறுவனமான பியுபி செய்ததில் எனக்குப் பிடித்தது 2001ல் கழிவுநீரையும் மழைநீர் வடிகாலையும் அதே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்கிற ஒப்பந்தம் 2061ல் முடிகிறது என்ற பயம் இருந்ததால், சாக்கடைத் தண்ணீரும் ஒரு நீராதாரமாகத் தெரிந்தது. 2003ல் சுத்திகரித்த கழிவுநீரான நியூவாட்டர் வந்தது. ஊரில் 2019ல் சென்னை ஏரிகள் வறண்டபோது அம்மா லாரிக்குக் காத்திருந்தார். அதே வருடம்தான் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் வந்தன. முன்பே வந்திருக்க வேண்டியது.

மேட்டுத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் கூட்டம். தனியாரா அரசா என்ற சண்டையை விட்டுவிட்டு நகராட்சியிடம் ஏதாவது உருப்படியாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எதைக் கேட்பது?

பழைய ஏ.இ.:
தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். போன வருடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் வாங்கினார்கள், எவ்வளவுக்கு பில் போட்டார்கள், எவ்வளவு வசூல். பம்ப் ஓடிய மின் கட்டணம். எத்தனை ஃபிட்டர் பணியிடம், அதில் எத்தனை காலி. அரசு அலுவலகங்களும் கல்யாண மண்டபங்களும் வைத்திருக்கிற பாக்கி. தண்ணீர்க் கணக்கு தனியா, பொது நிதியோடு சேர்த்தா. இவ்வளவு போதும்.

மேட்டுத்தெரு:
எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதற்கு என்ன பதில் வரும் என்று இப்போதே தெரியும் சார். தொட்டியில் இருக்கிற பெரிய மீட்டர் ஓடுவதில்லை, உத்தேசமாகத்தான் எழுதுகிறோம் என்று டேங்க் ஆபரேட்டரே சொன்னார்.

பழைய ஏ.இ.:
அப்படியானால் முதல் மனு அந்த மீட்டருக்குத்தான். எந்த வருடம் நின்றது, பழுது பார்க்க யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதையும் சேர்த்துக் கேளுங்கள்.