பண்டிகை விருந்துக்கு வீட்டிலேயே டின்னர் ரோல்: அவரவர் அனுபவம்

டின்னர் ரோல், அதாவது விருந்துச் சாப்பாட்டோடு பரிமாறும் மெத்தென்ற சின்ன பன், என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது அளவைத்தான். அளவு எங்கே தேடினாலும் கிடைக்கும், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமும் இருக்காது. விருந்து நாளில் திண்டாட்டமே நேரத்தில்தான். இருப்பது ஒரே ஓவன். காலையிலிருந்து இறைச்சி, காய்கறி, இனிப்பு என்று ஏதாவது ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நம் மாவோ அந்த நேரம் பார்த்துப் பொங்கி நிற்கும். அதைக் காக்க வைத்தால் அடங்கிப் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் விருந்து வேலையை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வோம். ரோல் என் பொறுப்பு. முதல் நாள் மாலையே பிசைந்து, உருட்டி, ட்ரேயில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பெரிய இறைச்சித் துண்டை ஓவனிலிருந்து எடுத்ததும் வெட்ட மாட்டோம், சாறு உள்ளேயே தங்குவதற்காக 20, 30 நிமிடம் அப்படியே விட்டுவைப்போம் இல்லையா? ரோல் வேகப் பிடிப்பது 18 முதல் 20 நிமிடம். ஓவன் காலியாகிற அந்த இடைவெளிதான் ரோலுக்கு. இதைக் கண்டுகொண்டதிலிருந்து விருந்து நாளில் ஓவனுக்காக யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருப்பதில்லை.

நான் எடுக்கும் அளவு: மைதா 500 கிராம், பால் 270 மில்லி, சர்க்கரை 50 கிராம், உப்பு 9 கிராம், வெண்ணெய் 70 கிராம், முட்டை ஒன்று, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். அன்றே சுடுவதாக இருந்தால் ஈஸ்டை 7 கிராம் ஆக்குவேன். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கப்போகிற மாவுக்குக் குறைவாகவே போதும். பால் வெதுவெதுப்பாக இருந்தால் சரி, விரலைச் சுடக் கூடாது. 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும்.

வெண்ணெயை மட்டும் கடைசியில் சேருங்கள். முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவை மூடிக்கொண்டு பசைத்தன்மை உருவாவதைத் தாமதப்படுத்தும். மாவு ஒன்றுசேர்ந்து கொஞ்சம் இழுவை வந்த பிறகு, வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். முதல் துண்டு போட்டதும் மாவு பிரிந்து, கையெல்லாம் ஒட்டி, எல்லாம் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பயந்து மைதாவைக் கொட்டிவிடாதீர்கள். அஞ்சாறு நிமிடம் விடாமல் பிசைந்தால் அதுவே வழவழப்பாகித் திரண்டு வரும். ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி இரண்டு கை விரல்களாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல் சவ்வு மாதிரி விரிந்து வெளிச்சம் ஊடுருவினால் போதும்.

இரண்டு மடங்காக உப்பியதும் எடை போட்டு 18 உருண்டை. எடை மெஷின் இல்லாமல் கண்ணளவில் கிள்ளினால் சின்னது காய்ந்துபோகும், பெரியது நடுவில் வேகாது. உருட்டும்போது மேடையில் மாவு தூவ வேண்டாம். உருண்டை அடியில் லேசாக ஒட்டிப் பிடித்தால்தான் மேல்தோல் இழுபட்டு இறுகும். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களைக் கூண்டாக வளைத்து, அதற்குள் உருண்டையை வட்டமாகச் சுழற்ற வேண்டும். நாலைந்து சுற்றில் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

அடுக்கியதும் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் உறையால் மூடி உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே குளிர் ஏறும்வரை அது பொங்கிக்கொண்டேதான் இருக்கும். வெளியே இன்னும் கொஞ்சம் உப்பட்டும் என்று காத்திருந்தால் காலையில் அளவு மீறிப் போயிருக்கும். சுடுவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். 190 டிகிரியில் சுட்டு, வந்த சூட்டிலேயே வெண்ணெய் தடவிவிட்டால் வேலை முடிந்தது. இரவு முழுக்க மெதுவாகப் புளித்த மாவின் மணம், அன்றே அவசரமாகப் பொங்க வைத்த மாவுக்கு வரவே வராது. நேரத்துக்காக ஆரம்பித்தேன், இப்போது அந்த ருசிக்காகவே முதல் நாள் செய்கிறேன்.

* * *

அக்கா, இறைச்சி ஆறுகிற நேரத்தைச் சொன்னீர்கள் பாருங்கள், அதை இந்தத் தடவை கட்டாயம் செய்கிறேன். என் பிரச்சினை வேறு. எங்கள் வீட்டு விருந்துக்கு ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார்கள். ரோல் தயாராகி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பந்தி ஆரம்பிக்கும், அதற்குள் மெத்தென்று இருந்ததெல்லாம் போய்விடும்.

இதற்குக் கைகொடுத்தது மாவுக் கூழ் முறைதான், டாங்சோங் என்பார்களே, அது. மொத்த மைதாவிலிருந்து 25 கிராம், பாலிலிருந்து 125 மில்லி எடுத்துச் சின்னத் தீயில் கிளறுவேன். 65 டிகிரி வாக்கில் கரண்டி போட்ட தடம் மறையாமல் நிற்கிற பதம் வரும், அப்போது இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் மற்ற மாவோடு சேர்க்க வேண்டும். சூட்டில் மாவுச்சத்து ஊறி நிறைய நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, சுட்ட பிறகும் அந்த ஈரத்தைச் சட்டென்று விடுவதில்லை. போன விருந்தில் மதியம் சுட்டதை இரவு ஒன்பது மணிக்குப் பரிமாறினோம், குழந்தைகள் பிய்க்கும்போது நூல் நூலாகப் பிரிந்து வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், உருண்டைக்குப் பதிலாக மடித்தும் பார்க்கலாம். சின்ன வட்டமாகத் தட்டி, உருக்கிய வெண்ணெய் தடவி, பாதியாக மடிப்பதுதான். 1870களில் பாஸ்டனின் பார்க்கர் ஹவுஸ் ஹோட்டலில் பிரபலமான வடிவம் இது, பெயரே பார்க்கர் ஹவுஸ் ரோல். எங்கள் வீட்டில் மடிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவேன். உருட்டுவதைவிட அவர்களுக்கு இது எளிது.

* * *

எங்களுக்கு எப்போதும் விருந்து நாத்தனார் வீட்டில். நான் ரோலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று மணி நேரப் பயணத்தில் உப்பிய மாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, முழுசாகச் சுட்டுக் கொண்டுபோனால் ஆறிப்போயிருக்கும். அதனால் அரை வேக்காடு. 140 டிகிரியில் 25 நிமிடம் போல வைத்து, உள்ளே இறுகி, மேலே நிறம் பிடிக்காமல் வெளிறி இருக்கும்போதே எடுத்துவிடுவேன். முழுக்க ஆறவிட்டு டப்பாவில் அடுக்கினால் அமுங்காமல் போய்ச் சேரும். அங்கே 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வைத்தால் பொன்னிறமாகி வாசம் வீடு முழுக்க நிறையும். சின்னச் சூட்டில் சுடும்போது பொறுமை வேண்டும். நடு உருண்டை வேகாமல் எடுத்துவிட்டால் ஆறும்போது சுருங்கிப்போகும்.

* * *

ஒரு சந்தேகம். மிஞ்சிய ரோலை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே விறைத்துப் போகிறது. மூடித்தான் வைக்கிறேன். அக்கா, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

* * *

சுட்ட ரோலை ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள்மா. காய்ந்துபோவதால் மட்டும் வருகிற விறைப்பு இல்லை அது. வெந்த மாவுச்சத்து ஆறிய பிறகு மறுபடியும் இறுக ஆரம்பிக்கும், ஃபிரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் மூடி வைத்தும் பலனில்லை. மறுநாள் சாப்பிடப்போகிறீர்கள் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். அதற்கு மேல் என்றால் ஆறினதும் பையில் போட்டு நேராக ஃபிரீசர். அங்கே அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். வேண்டும்போது அலுமினியம் ஃபாயிலில் சுற்றி 160 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள், மறுபடி மெத்தென்று ஆகிவிடும். தேவையானதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், ஏனென்றால் இரண்டாவது தடவை ஆறினால் முன்னைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும்.