யாரும் விரட்டவில்லை, ஆனாலும் வெளியே நின்றார்கள்

பள்ளி ஆசிரியை:

பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒதுக்குகிறார்கள் என்று சொல்லும்போது பழி முழுவதையும் அவர்கள் மேல் போட்டுவிடுகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை. ஒதுக்குவதற்கான வாய்ப்பைப் பெரும்பாலும் நாமே அமைத்துக் கொடுக்கிறோம். "நாலு நாலு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வது என் வழக்கமாக இருந்தது. ஒரு நாள் ஏதோ நினைவு வந்து சட்டென்று திரும்பியபோது, பெஞ்சுகள் இழுபடும் சத்தத்துக்கு நடுவே, ஆண்டின் பாதியில் வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். பென்சில் ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. தன்னை யாரும் அழைக்கவில்லை என்பது வெளியே தெரியாதிருக்க, வேலையில் இருப்பவனைப் போல அவன் நின்ற அந்தச் சில விநாடிகள், நான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த எத்தனை வகுப்புகளில் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அன்று முதல் குழுக்களை நானே பிரிக்கிறேன். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை இனவாரியாகப் பிரிந்து படித்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டுப் பகைமை மூண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளர் தம் மாணவர்களுடன் சேர்ந்து வகுத்த முறையையும் கையாண்டேன். பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால், ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் தனியே கூடிப் பேசித் தெளிந்த பிறகே தத்தம் குழுவுக்குத் திரும்ப வேண்டும் என்ற படியை நேரமில்லை என்று முதல் தடவை விட்டுவிட்டேன். அந்த மாணவன் எல்லோர் முன்னும் திணறிப்போனான். உதவுகிறேன் என்று நான்தான் அவனை மாட்டிவிட்டேன். அடுத்த முறை அந்தப் படியைச் சேர்த்ததும், தன் பகுதியை இன்னும் இருவரோடு ஒத்திகை பார்த்துவிட்டு வந்து பேசினான். நண்பர்கள் உடனே கிடைத்துவிடவில்லை, பென்சில் சீவுவது மட்டும் நின்றது.

சக்கர நாற்காலியில் செல்லும் சிறுமியின் தாய்:

விரட்டி ஒதுக்குவதைவிட, அன்பாக ஒதுக்குவதை எதிர்த்துப் பேசுவது கடினம். என் மகளுக்கு விளையாட்டு நேரத்தில் "முக்கியமான பொறுப்பு" ஒன்று தரப்பட்டிருந்தது: மற்றவர்கள் ஆடும்போது புள்ளிகளை எழுதுவது. இரண்டு ஆண்டுகள் எழுதினாள். வீட்டில் அவளுடைய பழைய நோட்டைப் புரட்டியபோது, ஒவ்வோர் ஆட்டத்திலும் இரு அணிகளின் பெயர்ப் பட்டியலுக்குக் கீழே தன் பெயரையும் எழுதி, அதை அழித்திருந்த தடம் தெரிந்தது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவில், விளையாடுவதைக் குழந்தையின் உரிமையாகவே சொல்கிறது. விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமையை அல்ல.

புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியர் இதைப் பற்றி நீளமாக எதுவும் பேசவில்லை. வலையைத் தாழ்த்திக் கட்டி, வகுப்பு முழுவதையும் தரையில் உட்காரவைத்து, உட்கார்ந்து ஆடும் கைப்பந்தைக் கற்றுக்கொடுத்தார். பாராலிம்பிக்கில் 1980 முதல் இடம்பெறும் ஆட்டம் அது. பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. எந்நேரமும் ஓடி ஆடும் பிள்ளைகள் எழுந்து எழுந்து தவறு செய்ய, கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்தே பழகிய என் மகள் எளிதாக ஆடினாள். புள்ளி எழுதும் வேலை இப்போது முறைவைத்து எல்லோருக்கும் வருகிறது. அது சலிப்பான வேலை என்று ஒரு சிறுவன் புகார் செய்தானாம். எனக்கு அது ஓரளவு ஆறுதலாக இருந்தது.

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த இளைஞர்:

என்னை ஒதுக்கியவை பெரும்பாலும் காகிதங்கள். சுற்றுலாவுக்குப் "பெற்றோர் கையொப்பம்" வேண்டும். இல்லத்தில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரைப் பிடித்து வாங்குவதற்குள் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிடும். மூன்று முறை அப்படி நடந்த பிறகு, எனக்குப் பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று நண்பர்களிடம் நானே பொய் சொல்லப் பழகிக்கொண்டேன். வர விருப்பமில்லாதவன் என்று பெயர் எடுத்தால், பிறகு யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

18 வயதில் இல்லத்தை விட்டு வந்து, முதல் வேலைக்கான படிவத்தில் "அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்" என்ற கட்டத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லத்தில் சமையல் வேலை பார்த்த அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதற்கு, "இதையெல்லாம் கேட்டுவிட்டா எழுதுவாய்?" என்று கோபித்துக்கொண்டார்.

பள்ளி ஆசிரியை:

தம்பி, உங்கள் பதிவைப் படித்தபின் எங்கள் சுற்றுலாப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "பெற்றோர் அல்லது பொறுப்பாளர்" என்று அதில் சரியாகத்தான் அச்சிட்டிருக்கிறோம். கடைசி நாளைத்தான் மறுநாள் காலை என்று போட்டிருக்கிறோம். அதை 2 வாரமாக மாற்றித் தரும்படி இன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.