கொலுசுக் கூலியை டிஜிட்டல் ரூபாயில் வாங்கலாமா? மண்டபக் கூட்டத்தில் விற்கும் காயினும் இதுவும் ஒன்றுதானா?

கேள்வி: பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய அளவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன். எங்களிடம் சரக்கு எடுக்கும் பெங்களூர் கடைக்காரர் ஒருவர், கூலிப் பாக்கியில் சிறு தொகைகளை இனிமேல் ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயாக அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஜிபே தெரியும். வங்கிக் கணக்கில் பணம் போடுவதும் எடுப்பதும் தெரியும். இது அவற்றிலிருந்து எந்த வகையில் வேறு என்பதுதான் பிடிபடவில்லை.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். இப்போது 20 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு காயின், சந்தைக்கு வந்ததும் பல மடங்காகும் என்றும், நமக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் வாரந்தோறும் கமிஷன் வரும் என்றும் மேடையில் பேசியவர் சொன்னார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம், மத்திய பட்ஜெட்டில் டிஜிட்டல் ரூபாய் அறிவிக்கப்பட்ட நாளின் செய்தித்தாள் நறுக்கு. அரசே டிஜிட்டல் பணம் வெளியிடுகிறது, கிரிப்டோ எனும் தனியார் மின்னணு நாணயங்களுக்கு வரியும் வாங்குகிறது, ஆகவே இது அரசு ஒப்புக்கொண்ட தொழில் என்பது அவருடைய வாதம். வந்திருந்தவர்களில் பலர் எங்கள் தொழில்காரர்கள். வெள்ளி விலை ஏறியதில் நாலு காசு பார்த்தவர்களும் இருந்தார்கள். அதே விலையேற்றத்தால் ஆர்டர் குறைந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களும் இருந்தார்கள்.

வீட்டில் அப்பா எதையும் நம்புவதாக இல்லை. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளோடு வரிசையில் நின்றவர் அவர். தராசில் வைக்க முடியாதது எதுவும் பணமே அல்ல என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனோ எல்லாவற்றையும் நம்புகிறான். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி

ஐயா, பெங்களூர்க்காரர் சொல்வதும் மண்டபத்தில் சொன்னதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. பெயரில் உள்ள டிஜிட்டல் என்ற சொல்லைப் பயன்படுத்தி இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்துப் பேசியிருக்கிறார்கள்.

டிஜிட்டல் ரூபாய் 2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நிதிச் சட்டத்தின் மூலம் 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வங்கி நோட்டு என்பதில் மின்னணு வடிவத்தையும் சேர்த்தார்கள். வங்கிகள் தங்களுக்குள் நடத்தும் பெரிய பரிமாற்றங்களுக்கான சோதனை 2022 நவம்பர் 1 அன்றும், பொதுமக்களுக்கான சோதனை டிசம்பர் 1 அன்றும் தொடங்கின. மும்பை, டெல்லி, புவனேசுவரம் ஆகியவற்றோடு முதல் நான்கு நகரங்களில் பெங்களூரும் ஒன்று என்பதால், உங்கள் கடைக்காரருக்கு இது முன்பே பழகியிருப்பதில் வியப்பில்லை.

ஜிபேயில் நகர்வது உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் பணம். அந்தப் பணம் உண்மையில் வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். வங்கி மூழ்கினால் 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. டிஜிட்டல் ரூபாய் அப்படியல்ல. உங்கள் சட்டைப்பையில் உள்ள நோட்டைப் போல அதற்கு ரிசர்வ் வங்கியே நேரடிப் பொறுப்பு. உங்கள் தொழிலை வைத்தே சொல்வதானால், வியாபாரி உங்களுக்குத் தர வேண்டிய வெள்ளி அவருடைய புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பதற்கும், அந்தக் கட்டியே உங்கள் பெட்டிக்குள் இருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. செயலியைத் திறந்தால் 500, 200, 100 என்று நோட்டு நோட்டாகவும் கீழே சில்லறையாகவும் தெரியும். நோட்டுக்கு எப்படி வட்டி கிடையாதோ அப்படியே இதற்கும் கிடையாது.

வரி போட்டதால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்ற வாதத்துக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. லாட்டரிப் பரிசுக்கும் 30 சதவீதம் வருமான வரி உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீத வரி, பரிமாற்றத்தில் 1 சதவீதப் பிடித்தம், ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கத் தடை என்று அதே 2022 பட்ஜெட் கறாராக விதித்ததை, ஊக்கம் கொடுத்ததாக எடுத்துச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பதில்: கணினிப் பணியாளர், ஃபேர்லேண்ட்ஸ்

மேலே உள்ள விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கிரிப்டோ என்றாலே மண்டபக் கூட்டம் என்ற எண்ணம் வாசகர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபரில் பிட்காயின் என்ற கிரிப்டோவின் திட்ட வரைவு வெளியானது; 2009 ஜனவரி 3 அன்று வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. அதன் நிரல் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயின்களுக்கு மேல் உருவாக முடியாது என்ற வரம்பு அந்த நிரலிலேயே உள்ளது. அதை விற்க மேடை போட்டு ஆள் சேர்க்கும் நிறுவனம் என்று ஒன்று கிடையாது.

மண்டபத்தில் சொன்ன காயினை விற்பவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது எளியது: அதன் பரிமாற்றப் பதிவேட்டை நான் எங்கே போய்ப் பார்க்கலாம்? 2014-இல் தொடங்கிய ஒன்காயின் என்ற திட்டம் உலகம் முழுவதும் இதே பாணியில் ஆள் சேர்த்துப் பல நூறு கோடி டாலர் திரட்டியது. கடைசியில் அதன் பின்னால் உண்மையான பிளாக்செயினே, அதாவது அப்படி ஒரு பரிமாற்றப் பதிவேடே, இல்லை என்று தெரிந்தது. அதை நடத்திய ருஜா இக்னாடோவா 2017-இல் தலைமறைவானார்.

பிட்காயினும் ஆபத்தில்லாதது என்று சொல்ல வரவில்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டிச் சென்ற விலை, ஓராண்டுக்குள் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டில் அது செல்லுபடியாகும் பணமும் அல்ல. ஆனால் சட்டம் அதை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இல்லை: வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களோடு தொடர்பு வைக்கக் கூடாது என்ற 2018-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது, கிரிப்டோவைச் சொத்தாகக் கருதலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. உங்கள் மகனின் ஆர்வத்தை ஒரேயடியாக அணைத்துவிடாமல், இந்த வேறுபாடுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

பதில்: மளிகை மொத்த வியாபாரி, லீ பஜார்

எனக்கு இந்த டிஜிட்டல் ரூபாயின் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. தேவை எங்கே என்பதுதான் விளங்கவில்லை. 2025 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாய் 1,016 கோடி. அதே நாளில் நோட்டுகள் 36 லட்சம் கோடிக்கும் மேல். அதாவது ஆயிரம் ரூபாய்க்கு முப்பது காசுகூட இல்லை. தொடங்கி இரண்டே கால் ஆண்டுக்குப் பிறகும் நிலைமை இதுதான். யுபிஐ வந்தபோது மஞ்சள் விற்கும் பாட்டியிடம் போய் யாரும் பாடம் நடத்தவில்லை; பக்கத்துக் கடையில் பார்த்து அவராகவே க்யூஆர் அட்டை வாங்கி ஒட்டிக்கொண்டார்.

அஸ்தம்பட்டி ஐயா வெள்ளிக் கட்டி பெட்டிக்குள் இருப்பதைப் போல என்று சொன்னார். பெட்டி என்னுடையதுதான், ஆனால் அதை வங்கியின் செயலிக்குள் அல்லவா வைத்திருக்கிறேன்? என் அலைபேசி எண், கணக்கு, ஆவணங்கள் எல்லாம் கொடுத்த பிறகுதான் வாலட் எனும் அந்த மின்னணுப் பணப்பையே திறக்கிறது. சிறு தொகைகளுக்கு நோட்டைப் போன்ற மறைவு, பெரிய தொகைகளுக்குத் தடம் என்பது ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் வெளியிட்ட கருத்துருவில் உள்ள எண்ணம். சிறியது எது, பெரியது எது என்ற கோட்டை யார் போடுகிறார்கள், நாளைக்கு அதை யார் நகர்த்துவார்கள் என்பதற்குச் சட்டத்தில் எழுத்து வேண்டும். கணக்கு மறைப்பவன் கேட்கும் கேள்வியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஜிஎஸ்டி ஒழுங்காகக் கட்டுகிறவன். என் மனைவி எந்த மருந்துக் கடையில் என்ன வாங்கினாள் என்பது அவளுடைய விஷயம், அவ்வளவுதான்.

பதில்: காபித் தோட்டக்காரர், ஏற்காடு

லீ பஜாரில் தேவை தெரியாமல் இருக்கலாம், மலையில் தெரிகிறது. காபி பழம் எடுக்கும் பருவத்தில் சனிக்கிழமை மாலை கூலி போட வேண்டும். என் தோட்டத்துக்கு வேலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்களில் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் போட்டால், அதை எடுப்பதற்கு அவர்கள் ஒரு நாள் கூலியை இழந்து ஏற்காட்டுக்கு வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் நோட்டாக எடுத்து, அதிலும் நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்கி, வண்டியில் கொண்டு போகிறேன். ஏடிஎம்மில் பெரும்பாலும் ஐந்நூறுதான் வரும். சில்லறைக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இணையம் இல்லாமலும் டிஜிட்டல் ரூபாய் கைமாறும் வசதியைக் கொண்டுவருவதாக ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தபோது நான் காது கொடுத்துக் கேட்டது இதனால்தான். பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாக்களுக்கும் அது எட்டினால், அன்றைக்கே நான் மாறத் தயார்.

ஆனால் அதே அறிவிப்பில் இருந்த இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. பணத்தை இன்ன செலவுக்கு மட்டும் என்று நிபந்தனையிட்டு அனுப்பும் வசதியும் வரும் என்றார்கள். அரசு உர மானியத்தை உரத்துக்கென்றே கொடுப்பதில் நியாயம் இருக்கலாம். கூலியில் அது நுழையக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காபித் தோட்டங்களில் துரைமார் தாங்களே தகட்டு டோக்கன் அடித்துக் கூலியாகக் கொடுத்தார்கள். அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். தோட்டத்துக்கு வெளியே அந்தத் தகட்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கூலி வாங்கியவர் அதை அரிசிக்குச் செலவழித்தாலும் வெற்றிலைக்குச் செலவழித்தாலும் முதலாளிக்கு அதில் பேச்சில்லை. ஆர்வமும் அச்சமும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கக் கூடாதா என்ன?

பதில்: பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

அனைவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள் மீதம் இருக்கின்றன. பெங்களூர்க்காரரிடம் வாங்குவதற்கு நான் தனியாகச் செயலி போட்டே ஆக வேண்டுமா? அலைபேசி தொலைந்தால் பணமும் போய்விடுமா? இன்னொன்று, என் உறவினர் அந்தக் காயினுக்கு ஏற்கெனவே ஒரு தொகை கட்டிவிட்டார். இப்போது அவருக்குக் கீழே என்னைச் சேர்க்கப் பார்க்கிறார். உறவு கெடாமல் என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி

செயலி கட்டாயமில்லை. உங்கள் பட்டறையில் இருக்கும் யுபிஐ க்யூஆர் அட்டையையே அவர் தம் டிஜிட்டல் ரூபாய் செயலியால் ஸ்கேன் செய்யலாம். உங்களிடம் வாலட் இல்லையென்றால் தொகை வங்கிக் கணக்கில் வந்து சேரும். வாலட் வைத்துக்கொண்டு அலைபேசியைத் தொலைத்தால், புதிய அலைபேசியில் அதே எண்ணோடு மீட்டுக்கொள்ள வழி உண்டு. நோட்டுக்கட்டு தொலைந்தால் அந்த வாய்ப்பு இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் வாலட்டில் வைக்கும் தொகைக்கும் ஒரு நாளில் அனுப்பும் தொகைக்கும் வங்கிகள் உச்சவரம்பு வைத்துள்ளன. ஒரு கிலோ வெள்ளியே லட்சத்தைத் தாண்டிவிட்ட காலத்தில் உங்கள் பெரிய கணக்குகளுக்கு இது ஒத்துவராது. அவற்றை இப்போது போலவே பெரிய தொகைகளுக்கான வங்கிப் பரிமாற்றமான ஆர்டிஜிஎஸ் மூலம் முடித்துக்கொள்ளுங்கள். எதில் வந்தாலும் பில் ஒன்றுதான், வரியும் ஒன்றுதான்.

உறவினர் விஷயத்தில் தாமதம் வேண்டாம். கட்டிய ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், பணம் போன கணக்கு எண் எல்லாவற்றையும் அவர் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். அனுமதியில்லாமல் பணம் திரட்டுபவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் புகார் பதியலாம். காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் கொடுக்கலாம். பணம் அனுப்பிச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கிறது என்றால் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முக்கியமாக ஒன்றை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்: ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது, அதில் உறுப்பினர் சேர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றம். உங்களைச் சேர்க்காத வரை அவர் பணத்தை இழந்தவர் என்ற நிலையில் இருக்கிறார். சேர்த்துவிட்டால், நாளைக்கு வழக்கு வரும்போது அவருடைய பெயர் எந்தப் பக்கம் எழுதப்படும் என்பதை அவரால் முடிவு செய்ய முடியாது. உறவு கெடக் கூடாது என்று நினைப்பவர் நீங்கள் என்பதால், இதை அவருடைய வீட்டுக்கே போய், அவருடைய மனைவியும் இருக்கும்போது சொல்வது நல்லது.