நுவரெலியாக் குளிரில் ரீஃப் டேங்க்: மாசக் காசுக்கு ஆள் வைக்கிறதா, நானே பார்க்கிறதா?

நானுஓயா டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டில நாலடி ரீஃப் டேங்க், அதாவது கோரல் (பவளம்) வளர்க்கிற உப்புத்தண்ணி மீன் தொட்டி ஒன்னு இருக்கு. 20 அங்குல அகலம், 20 அங்குல உயரம், தண்ணி ஏறக்குறைய 300 லீட்டர் பிடிக்கும். இதை ஆசையா உருவாக்கினது என் வீட்டுக்காரர். அவர் போன மாசம் டோஹாவுக்கு வேலைக்குப் போயிட்டார், ஒப்பந்தம் ரெண்டு வருஷம். இப்ப எல்லாம் என் பொறுப்பு. உள்ள ரெண்டு கோமாளி மீன், ஒரு க்ளீனர் இறால், சில துறவி நண்டு, லெதர் கோரல் ஒன்னு, கொஞ்சம் ஸோவா (பூ மாதிரிக் கூட்டமா வளர்றது), நடுவில ஒரு ஹேமர் கோரல். ஹேமர் மேலதான் அவருக்குப் பிரியம் அதிகம். தினமும் வீடியோ கோல்ல அதைக் காட்டச் சொல்வார்.

கண்டியில இருந்து ஒருத்தர் மாசம் ரெண்டு தரம் வந்து பார்த்துத் தர்றேன்னு சொல்றார். வேன் செலவோட சேர்த்து 18,000 ரூபா கேட்கிறார், உப்புக்குத் தனியா. ஒரு டீச்சர் சம்பளத்தில இது சின்னக் காசு இல்ல. ஆனா நான் காலையில ஏழு மணிக்கு முன்னாடி கிளம்பினா பின்னேரம்தான் வீடு. வீட்டில மாமியார் இருக்காங்க, எட்டாம் வகுப்பு படிக்கிற மகன் இருக்கான். வீட்டுக்காரர் எழுதி வச்ச கொப்பியில அல்கலினிட்டி (தண்ணியோட காரத்தன்மை), கல்சியம் எல்லாம் திகதியோட இருக்கு. வாசிச்சா விளங்குது, கை வைக்கத்தான் பயமா இருக்கு.

இன்னொன்னு, பகல்ல தண்ணி 24.5 டிகிரியில நிக்குது, விடியக்காலையில 23க்கு இறங்குது. இது சரியா? மலைநாட்டில டேங்க் வச்சிருக்கவங்க சொல்லுங்க.

வெள்ளவத்தை ரீஃப்:

அக்கா, யோசிக்காம ஆளை வச்சுக்கோங்க. உப்புத்தண்ணி டேங்க் பழக்கம் இல்லாதவங்க கையில நிக்காது. அதோட தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் ஒன்னு வாங்கிடுங்க. இங்க சில்லர் இல்லாட்டி தண்ணி 30ஐத் தாண்டும், கோரல் வெளுத்துப் போகும். 1998இல கடல் சூடாகி ஹிக்கடுவைப் பாறைகளே வெளுத்துச் செத்ததை மறக்க வேணாம்.

டிக்கோயா உப்புத்தண்ணி:

டீச்சர், நான் டிக்கோயாக்காரன். சொந்தமா ஒரு டேங்க் வச்சிருக்கேன். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சில வீடுகளுக்கும் ஒரு ஹோட்டலுக்கும் காசு வாங்கிட்டு டேங்க் பார்த்துக் குடுக்கிறேன். இந்த வேலையில சோறு சாப்பிடுறவன்தான் சொல்றேன்: வர்ற ஆளை மட்டும் நம்பினா இந்த மலையில ரீஃப் நிக்காது. தினமும் பார்க்கிற கண்ணு வீட்டுக்குள்ள இருக்கணும். பாரமான வேலைக்கு ஆள் வைங்க, பார்க்கிற வேலையை நீங்க எடுங்க. ஏன்னு சொல்றேன்.

தம்பி சொன்ன சில்லர் கொழும்புக்குச் சரி, நமக்கு வேணாம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேல இருக்கு. வருஷ சராசரியே 16 டிகிரி அளவுதான். ஜனவரி, பெப்ரவரியில புல்லு மேல உறைபனி விழுற ஊர். நானுஓயா கொஞ்சம் கீழ, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்ட அறையில 25, 26 டிகிரி கடல் வேணும்னா ராத்திரி முழுக்க ஹீட்டர் உழைக்கணும். விடியக்காலையில 23க்கு இறங்குதுன்னா உங்க ஹீட்டருக்குச் சக்தி பத்தல. அதுக்காகப் பெரிய ஹீட்டர் ஒன்னை வாங்கிப் போடாதீங்க. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டா அது அணையாம சூடாக்கிக்கிட்டே இருக்கும், நீங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். 150 வாட் ரெண்டு போடுங்க, ரெண்டையும் தனியா ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர்ல மாட்டுங்க. ஒன்னு செத்தா மத்தது தாங்கும். ஒன்னு ஒட்டிக்கிட்டாலும் கண்ட்ரோலர் கரண்டை வெட்டும். பின் கண்ணாடிக்கும் ரெண்டு பக்கக் கண்ணாடிக்கும் ஒரு அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) சீட் வெட்டி ஒட்டுங்க, சூடு வெளிய போகாது. 300 வாட்டும் பத்து மணித்தியாலம் எரிஞ்சா 3 யூனிட், மாசத்துக்கு 90 யூனிட். யூனிட் கூடக் கூட விலையும் ஏறுற பில்லில இது பெரிய கணக்கு. ரெஜிபோம் போட்டா நல்லாக் குறையும்.

அடுத்தது காத்து. நுவரெலியா உயரத்தில காத்தழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில ஒரு பங்கு குறைவு. தண்ணியில கரையிற ஒட்சிசனும் அதே அளவு குறையும். உப்புத்தண்ணி ஏற்கனவே நல்ல தண்ணியை விடக் குறைவாத்தான் ஒட்சிசன் பிடிக்கும். அதனால கரண்ட் போய் பம்பும், கழிவை நுரையா எடுக்கிற ஸ்கிம்மரும் நின்னா, கொழும்பு டேங்கை விட நம்ம டேங்க் சீக்கிரம் மூச்சு முட்டும். 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினாங்களே, அப்ப டீசலும் இல்ல. கண்டியில இருந்து எவர் புறப்பட்டு, புசல்லாவை தாண்டி, ரம்பொடை ஏத்தம் ஏறி வந்து காப்பாத்துறது? வீட்டில பட்டரி ஏர் பம்ப் வச்சிருந்தவங்களோட மீன்தான் தப்பிச்சுது. கரண்ட் போன உடனே தானா ஓடத் தொடங்கிற பம்ப் கிடைக்குது, அதில ஒன்னு வாங்கி மாட்டி வைங்க. மாமியார் தனியா இருக்கும்போதும் பயமில்ல. சூடு மெதுவாத்தான் இறங்கும், டேங்கைக் கம்பளியால போர்த்தி விட்டா இன்னும் மெதுவாகும். ஒட்சிசன் காத்திருக்காது.

தினசரி வேலைன்னு பயப்படுறது கொஞ்ச நேர வேலைதான். டெம்பரேச்சர் பாருங்க. ஆவியாகிப் போனது வெறும் தண்ணி, உப்பு உள்ளேயே நிக்கும், அதனால குறைஞ்ச அளவுக்கு ஆர்ஓ ஃபில்டர்ல சுத்தமாக்கின தண்ணி மட்டும் ஊத்துங்க. குளிர் அறையில சூடான தண்ணி வேகமா ஆவியாகும், நாளைக்கு ஒருதரம் கட்டாயம். அப்புறம் ஹேமர். லைட் போட்டுக் கொஞ்ச நேரத்தில அது முழுசா விரியணும். டோர்ச் அடிச்சு அடிப்பக்கம் பாருங்க: சதை எலும்புக்கூட்டு விளிம்புக்குக் கீழ கொஞ்சம் இறங்கி, சட்டைக் கைமடிப்பு மாதிரி சுத்திப் பிடிச்சிருக்கும். அந்த மடிப்பு மேல ஏறி, விளிம்பில வெள்ளையாக் கூர்முனைகள் தெரிய ஆரம்பிச்சா அன்னைக்கே அல்கலினிட்டி பாருங்க. மாசம் ரெண்டு தரம் வர்ற ஆள் இதைப் பார்க்கும்போது ஹேமரோட கிளை நுனியில இருக்கிற தலையில பாதி போயிருக்கும். என்ன திறமைசாலியா இருந்தாலும் அதுதான் நிலைமை. நான் பார்க்கிற வீடுகள்லயும் அந்த வீட்டு ஆட்கள் கோல் எடுத்துச் சொல்லித்தான் எனக்கே தெரிய வருது.

தண்ணி விஷயத்தில ஒரு எச்சரிக்கை. மழைத்தண்ணி சுத்தம்னு நம்ம ஆட்கள் பீப்பாயில பிடிச்சு ஊத்துவாங்க. நம்ம வீட்டுக் கூரையெல்லாம் நாகம் (சிங்க்) பூசின தகரம். அந்த நாகம் கரைஞ்சு வரும், இறாலும் கோரலும் தாங்காது. மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி மென்மையான தண்ணிதான், ஆனா மேல மரக்கறித் தோட்டம் இருந்தா உரமும் மருந்தும் சேர்ந்து வரும். ஆர்ஓ டிஐ ஃபில்டர் இல்லாம ஊத்த வேணாம். தண்ணி குளிரா இருந்தா அது மெதுவாத்தான் சொட்டும், ராத்திரியே விட்டு வைங்க. பக்கத்துத் தோட்டத்தில லீக்ஸுக்கு மருந்தடிக்கிற நேரம் யன்னலைச் சாத்துங்க.

கண்டி ஆஸ்பத்திரி வீதி:

நான் ஆள் வச்சுத்தான் பார்க்கிறேன், அதில வருத்தம் இல்ல. இடுப்பு நோவு, வாளி தூக்க முடியாது. ஆனா முதல்ல வந்தவர் வீட்டுக்கு வீடு ஒரே வலையையும் ஒரே ட்யூபையும் கொண்டு போனவர். அவர் வந்து போன கொஞ்ச நாள்ல மீன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கோரல் இருக்கிற டேங்கில செம்பு மருந்து போட முடியாது. மீன் எல்லாத்தையும் வேற டேங்குக்கு மாத்தி வைத்தியம் பார்த்து, ரீஃபை 76 நாள் மீன் இல்லாம விட வேண்டி வந்தது.

அதே ஆள் ஒருநாள் "கிழக்குக் கடல்ல இருந்து உயிர்க் கோரல் எடுத்துத் தர்றேன், விலை குறைவு" என்றார். அன்றைக்கே நிறுத்திட்டேன். நம்ம கடல்ல கோரலை உடைச்செடுக்கிறது சட்டப்படி குற்றம். கல் கோரல் இனம் எல்லாமே சர்வதேச வியாபாரத்திலயும் சைட்டிஸ் என்கிற வனஉயிரின வியாபார ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல கட்டுப்படுத்தப்பட்டது. புறாத்தீவைத் தேசிய பூங்காவாக்கிப் பாதுகாக்கிற நாட்டில நம்ம ஹோலுக்காக ஒரு துண்டை உடைக்கக் கூடாது. எந்த ஆளை வச்சாலும் இதைத் தெளிவாச் சொல்லிடுங்க.

நானுஓயா டீச்சர்:

ரொம்ப நன்றி. டிக்கோயா அண்ணா எழுதினதை மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். பட்டரி பம்ப் கதை கேட்டதும் "அதை முதல்ல வாங்கு"ன்னு சொல்லிட்டாங்க. டோர்ச் அடிச்சுப் பார்த்தோம், ஹேமர்ல மடிப்பு நல்லா இருக்கு, ஒரே ஒரு தலையில மட்டும் கொஞ்சம் மேல ஏறின மாதிரி.

ரெண்டு சந்தேகம். டெஸ்ட் கிட்டை மகன் கையில குடுக்கலாமா? கண்டிக்காரர் வந்தா எந்த வேலையைக் குடுக்கிறது?

டிக்கோயா உப்புத்தண்ணி:

கண்டி அக்கா சொன்னது தங்கமான பேச்சு. வாளி, வலை, ட்யூப், ஸ்க்ரேப்பர் எல்லாம் உங்க வீட்டுதா இருக்கட்டும். வர்றவர் கையைக் கழுவிட்டு வெறுங்கையோட வரணும். நான் போற வீடுகள்லயும் அப்படித்தான்.

அல்கலினிட்டி டெஸ்டை மகன் தாராளமாச் செய்யலாம். சின்னக் குழாய்ல டேங்க் தண்ணி எடுத்து, துளி துளியா விட்டு, ஒவ்வொரு துளிக்கும் ஆட்டி, நிறம் மாறுற துளியை எண்ணுறதுதான் வேலை. வெளிச்சத்தில, வெள்ளைத் தாளுக்கு முன்னால பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. டிகேஎச் என்கிற அல்கலினிட்டி அளவில 8க்கும் 9க்கும் நடுவில ஒரே இடத்தில நின்னாப் போதும். இந்த வாரம் 9, அடுத்த வாரம் 7ன்னு குதிக்கிறதுதான் ஹேமருக்கு ஆகாது. அப்பாவோட கொப்பியிலேயே திகதி போட்டுத் தொடர்ந்து எழுதட்டும். மெசெஞ்சர்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பினா டோஹாவில இருந்தே அவர் பார்த்துச் சொல்லுவார். அவரை விட நல்ல சேவிஸ்காரர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில மகனைச் சேர்க்காதீங்க, ஸோவா. அந்த இனத்தில சிலதில பாலிடொக்சின் என்கிற கடுமையான விஷம் இருக்கு. கல்லைக் கழுவும்போது கையில வெட்டுக் காயம் இருந்தாலோ, கண்ணில தெறிச்சாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். சுடுதண்ணி ஊத்திக் கல்லைச் சுத்தம் பண்ணி, அந்த ஆவியைச் சுவாசிச்சு வீட்டோட படுத்தவங்க வெளிநாடுகள்ல இருக்காங்க. கண்டிக்காரர்கிட்டயும் இதைக் கேளுங்க. "ஸோவா கல்லை எப்படிக் கையாளுவீங்க?" கையுறை, கண்ணாடின்னு சொன்னா நல்ல ஆள். கேள்வி விளங்காட்டி வேற ஆள் பாருங்க.

அவருக்குக் குடுக்கிற வேலை: ஸ்கிம்மரையும் பம்புகளையும் கழட்டிச் சுண்ணாம்புப் படிவம் எடுக்கிறது, உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில 35 பங்கு உப்பு) திரவத்தில சரிபார்க்கிறது, கல்சியம், மக்னீசியம், நைட்ரேட், பொஸ்பேட் டெஸ்ட், வயரெல்லாம் தண்ணி சொட்டி ப்ளக்குக்குப் போகாத மாதிரி தொங்குதான்னு பார்க்கிறது. உங்க வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னும் அமத்திப் பார்க்கச் சொல்லுங்க, குளிர் ஊர்ல டேங்க் பின்சுவர் எப்பவும் ஈரம். இதுக்கு மாசம் ஒரு தரம் போதும், காசும் பாதியாகும். வாரம் 30 லீட்டர் தண்ணி மாத்துறதை நீங்களும் மகனும் செய்யலாம். ஒரு லீட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் மேலன்னு கணக்குப் போட்டா ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட உப்பு. முதல் நாளே கலந்து, சின்ன ஹீட்டரும் பம்பும் போட்டு விடுங்க. நம்ம ஊர்ல பீப்பாத் தண்ணி காலையில 15 டிகிரியில இருக்கும், அதை அப்படியே ஊத்தினா டேங்க் தண்ணியோட சூடு சட்டுன்னு இறங்கும்.

நானுஓயா டீச்சர்:

கண்டிக்காரர்கிட்ட பேசினேன். மாசம் ஒரு தரம், 10,000 ரூபான்னு ஒத்துக்கிட்டார். ஸோவா கேள்விக்கும் சரியான பதில் சொன்னார். ஹீட்டர் ரெண்டும் சனிக்கிழமை வருது. வீட்டுக்காரர் ஃபோட்டோ பார்த்துட்டு ஹேமரைக் கொஞ்சம் கீழ இறக்கலாம்னு சொல்றார். செய்யலாமா?

டிக்கோயா உப்புத்தண்ணி:

இப்ப வேணாம் தங்கச்சி. ஹீட்டர் மாத்தி, தண்ணி ராத்திரியும் பகலும் ஒரே சூட்டில நிக்குதான்னு ரெண்டு வாரம் பாருங்க. ரெண்டையும் ஒன்னாச் செஞ்சா எது நல்லதுக்கு, எது கெட்டதுக்குன்னு தெரியாமப் போகும். அதுக்குப் பிறகும் அந்த ஒரு தலை ஏறிக்கிட்டே போனா இறக்கலாம். இறக்கும்போது லெதருக்கும் ஹேமருக்கும் நடுவில ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், ராத்திரியில ஹேமர் நீளமாக் கை நீட்டிக் கொட்டும்.