வீட்டுத் தோட்டத்தில் பசுமைக்குடில்: போட்டவர்கள் சொல்லுங்கள்

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாகப் பசுமைக்குடில் போட்டவர்கள் அனுபவத்தை எழுதுங்கள். வாங்கும் முன் எதைப் பார்த்தீர்கள், கட்டி நிறுத்தும்போது எது இழுத்தடித்தது, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போன பிறகு என்ன தோன்றுகிறது? நானே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது ஆறுக்கு எட்டு அடி. பாகங்களாக வாங்கிப் பூட்டும் குடில் கிட் விற்கிறவர்களிடம் போனால் பேச்சு முழுக்க மேல்மூடியைப் பற்றித்தான். கண்ணாடியா, பாலிகார்பனேட்டா, பாலித்தீன் ஷீட்டா, எத்தனை மி.மீ.? ஒரு கடையில் 'கூரையில் எத்தனை வென்ட் (காற்று வெளியேறும் ஜன்னல்) திறக்கும்?' என்று கேட்டேன். 'அதான் கதவு இருக்கே சார்' என்றார். அந்த மாடலை அங்கேயே விட்டுவிட்டேன். சூடான காற்று மேலே ஏறும். முகட்டில் வழி இல்லாவிட்டால் கதவை அகலத் திறந்து வைத்தாலும் மேல்பாதி வெந்துகொண்டேதான் இருக்கும். கூரையில் திறக்கும் இடம் தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 48 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 10 சதுர அடி. சின்ன கிட்களில் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டில் ஒரே ஒரு ஜன்னல் இருக்கும். நான் இன்னொரு கூரை ஜன்னலும், பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒரு லூவரும் (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு) சேர்த்தே வாங்கினேன். கீழே காற்று நுழைந்தால்தான் மேலே வெளியேறும்.

கண்ணாடி வெப்பக்கதிரைப் பிடித்து வைப்பதால்தான் குடில் சூடாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். 1909இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்கு வெப்பக்கதிரை வெளியே விட்டுவிடும் பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாயின. சூடான காற்று அடைபட்டுக் கிடப்பதுதான் பெரிய காரணம். அப்படியிருக்க, மூடிக்குச் செலவழித்துவிட்டு ஜன்னலில் மிச்சம் பிடிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பகலில் வீட்டில் இல்லாதவர்கள் தானாகத் திறக்கும் மெழுகு உருளையை மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும், ஜன்னல் திறக்கும். குளிர்ந்தால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். கரண்ட் வேண்டாம். அது நகர்வது கண்ணுக்கே தெரியாது. குனிந்து களை பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால் ஜன்னல் ஒரு சாண் மேலே நிற்கும். ஆனால் மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது கொஞ்சம் தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும்.

* * *

வென்ட் பற்றிச் சொன்னது சரி. ஆனால் எங்கள் வீடு மேட்டில், மறைப்பு எதுவும் இல்லாத இடத்தில் இருக்கிறது. எனக்கு முதல் கவலை காற்று.

பக்கத்து வீட்டுக்காரர் வளைவுக் குழாயும் பாலித்தீனும் கொண்ட குடில் ஒன்று வாங்கி நிறுத்தினார். ஒரு ராத்திரி காற்றில் அது வேலி தாண்டி எங்கள் பக்கம் வந்து கவிழ்ந்து கிடந்தது. கிட்டோடு கொடுத்த ஆணிகள் விரல் தடிமன், ஒரு சாண் நீளம். மண்ணோடு பிடுங்கிக்கொண்டு குழாய் நுனிகளில் அப்படியே தொங்கின. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கையேட்டில் இருந்தபடிதான் அடித்திருந்தார். மணிக்கு 90 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 39 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. குடிலின் சொந்த எடையோ ஆள் தூக்கும் அளவுதான்.

அதனால் நான் ஒவ்வொரு வளைவுக்கும் கீழே இரண்டடி ஜி.ஐ. பைப்பைத் தரையில் இறக்கி, வளைவை அதற்குள் சொருகி, குறுக்கே துளைத்து போல்ட் போட்டேன். நான்கு மூலைக்கும் கான்கிரீட். பைப் இறக்குவதற்கு முன் நூல் கட்டி இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தேன். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் மூலைகள் சரியான செங்கோணம். பாதி நாள் போய்விட்டது. ஆனால் தரையில் ஒரு அங்குலம் கோணினால் கதவு வைக்கும்போது அது நம்மைத் தேடி வரும்.

ஷீட் இழுப்பதற்குக் காற்றில்லாத, வெயில் இருக்கும் பகலைத் தேர்ந்தெடுங்கள். சூட்டில் ஷீட் தளர்ந்திருக்கும். அப்போது இழுத்துப் பிடித்துப் பூட்டினால் மாலையில் குளிர்ந்து விறைப்பாகிவிடும். குளிரில் இழுத்துக் கட்டினால் மதியம் தொளதொளவென்று தொங்கி, காற்றில் படபடத்தே கிழியும். யு.வி. (வெயிலின் புற ஊதாக்கதிர்) தாங்கும் 200 மைக்ரான் ஷீட்தான் வாங்க வேண்டும். சாதாரண ஷீட் ஒரு வெயில் காலத்திலேயே அப்பளமாக நொறுங்கும். அப்புறம், ஷீட் கிழிவது பெரும்பாலும் குழாய் மேல் படும் கோட்டில்தான், இரும்பு அவ்வளவு சுடும். அங்கே வெள்ளை டேப் ஒட்டிவிடுங்கள். பி.வி.சி. குழாயில் ஷீட் நேராகப் படக் கூடாது, அந்த பிளாஸ்டிக் ஷீட்டின் ஆயுளைத் தின்றுவிடும்.

கதவு காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். காற்று கிளம்பினால் எல்லாவற்றையும் மூடுங்கள். காற்று வரும் பக்கம் ஒரு வழி திறந்திருந்தால் உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்தே தூக்கும்.

* * *

நான் பாலிகார்பனேட் போட்டேன். நல்ல பொருள், குளிர் ராத்திரிகளில் ஒற்றைக் கண்ணாடியைவிட நன்றாகவே சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஆனால் பொருத்துகிறவர் பக்கத்திலேயே நில்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் முதல் வேலையாக ஒரு பலகையின் இரண்டு பக்கத்து பிலிமையும் உரிக்கப் போனார். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன். யு.வி. பூச்சு பெரும்பாலான பலகைகளில் ஒரு பக்கம்தான். எந்தப் பக்கம் என்று பிலிமில்தான் அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்த்து இருக்க வேண்டும். உரித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான், கண்டுபிடிக்க முடியாது. மாற்றிப் போட்ட பலகை சில வருடங்களில் மஞ்சளடித்து விரிசல் விடும்.

பலகைக்குள்ளே ஓடும் குழல்கள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், படுக்கை வசத்தில் கூடாது. வியர்க்கிற தண்ணீர் கீழே வடிய வேண்டுமே! மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுக்க அடைத்துவிடலாம். கீழ் முனைக்குக் காற்று போகும் துளை டேப் ஒட்டுங்கள். அடைக்காமல் விட்டால் உள்ளே பாசி பிடிக்கும், எறும்பு குடியேறும், எதைவிட்டும் சுத்தம் பண்ண முடியாது.

இன்னொன்று, இந்தப் பலகை சூட்டில் நீளும். 3 மீட்டர் பலகை 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும். ஸ்க்ரூ துளையைப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, ஓரளவுக்கு மட்டும் முறுக்கச் சொல்லுங்கள். ஆட்களுக்கு ஸ்க்ரூவை நெறித்தால்தான் திருப்தி. அப்படி நெறித்தால் மதியம் பலகை வளைந்து டொக் டொக்கென்று சத்தம் போடும்.

* * *

எல்லாரும் சூட்டைப் பிடித்து வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். வருடத்தில் பாதிக்கு மேல் வெயில் கொளுத்தும் இடத்தில் இருப்பவர்களுக்கு முழுக்க மூடிய குடில் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எங்களுடையதில் கூரைக்கு மட்டும் ஷீட், நான்கு பக்கமும் பூச்சிவலை. மழை அடித்து நாற்று சாய்வதில்லை, வெள்ளை ஈயும் பெருமளவு குறைந்தது. 40 மெஷ் வலை, அதாவது அங்குலத்துக்கு 40 கண். அதைவிடப் பொடியான கண் போட்டால் இன்னும் சின்னப் பூச்சியும் நிற்கும், காற்றும் நிற்கும். கோடையில் 50 சதவீத நிழல்வலையைக் கூரைக்கு வெளியே, ஓரடி இடைவெளி விட்டுக் கட்டுகிறேன். உள்ளே கட்டினால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதே, அப்புறம் என்ன பயன்?

உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தாழ்ந்த குடில் காலையிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும்.

* * *

குடில் போட்டாகிவிட்டது. தக்காளி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஆனால் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. உரம் குறைவா? இரவில் நல்ல குளிர் வேறு, ஹீட்டர் வைக்கலாமா என்றும் யோசனை.

* * *

முதலில் எழுதியவன்தான். உரத்தைத் தொடாதீர்கள், முதலில் ஒரு தெர்மாமீட்டரைச் செடி உயரத்தில், நேர் வெயில் படாமல் தொங்கவிட்டு மதியம் பாருங்கள். 35 டிகிரி தாண்டினால் தக்காளி மகரந்தம் வீணாகத் தொடங்கிவிடும், பூ உதிரும். சூடு சரியாக இருந்தும் காய் பிடிக்கவில்லையென்றால் காற்றும் வண்டும் உள்ளே வராததுதான் காரணம். காலை ஈரம் காய்ந்த பிறகு பூங்கொத்தின் காம்பை விரலால் தட்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ்ஷைக் காம்புக்குப் பின்னால் வைத்தாலும் போதும், மஞ்சள் பொடி உதிர்வது கண்ணுக்குத் தெரியும். வெள்ளரி போடுவதாக இருந்தால் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரைக் காலையிலேயே ஊற்றிவிடுங்கள். மாலையில் ஊற்றி ஜன்னலை அடைத்தால் ராத்திரி முழுக்க இலையில் ஈரம் நிற்கும், சாம்பல் பூஞ்சைக்கு அது போதும். மழையே படாத மண்ணில் உர உப்பு சேர்ந்துகொண்டே போகும். நேராக மண்ணில் நடுகிறவர்கள் அவ்வப்போது நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

ஹீட்டர் வாங்கும் முன் ஒரு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, வெயில் நேராகப் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு நிறம் நல்லது. பகலில் சூடேறி ராத்திரியில் 10 டிகிரி இறங்கினால், ஒரு கிலோவாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது தரும் சூட்டை அது தந்துவிடும். கடுங்குளிருக்குப் போதாது, ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்கு இதை முதலில் செய்து பார்க்கலாம். மூடி போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கொசுதான் வளரும்.